அப்பா எழுந்து போகாம பாத்த படங்கள்: உங்க வீட்ல சமீபத்துல என்ன ஓடுச்சு?

மாடிப்போர்ஷன்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க வந்து படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னிக்குதான் எழுதுறேன், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு போன மாசம் முட்டி மாத்துற ஆபரேஷன், வலது கால். ஊர்ல தனியா விட முடியாதுன்னு மடிப்பாக்கம் கூட்டிட்டு வந்துட்டோம். நாங்க இருக்கிறது மாடி போர்ஷன், அவர அந்தப் படியில ஏத்துனதே ஒரு தனிப் படம், அத விடுங்க. காலைல பிசியோ பொண்ணு வரும், கால மடக்கச் சொல்லும், இவர் கத்துற கத்துல எதிர்வீட்டு நாய் எழுந்து பதில் சொல்லும். அது முடிஞ்சா நாள் முழுக்க மனுஷனுக்கு வேலையே இல்ல. பேப்பர் ஒம்போது மணிக்கே தீந்துரும், விளம்பரம் வரைக்கும் படிச்சிருவார். அதனால ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு படம்னு ஆரம்பிச்சோம்.

அப்பா மன்னார்குடி பக்கம் ஒரு கூட்டுறவு சொசைட்டில உர மூட்டைக் கணக்கு முப்பது வருஷம் எழுதினவரு, படத்தையும் அப்படித்தான் பாப்பாரு, வரவு எங்க செலவு எங்கன்னு. புடிக்கலன்னா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வாக்கர இழுப்பார். ஹால்ல டக்... டக்... டக்னு சத்தம் கேட்டா அந்தப் படம் எங்க வீட்ல அவுட்டுன்னு அர்த்தம்.

இதுவரை பாத்ததுல மூணு சொல்றேன்.

மகாராஜா. ஊரே கொண்டாடுச்சே, சைனா வரைக்கும் போச்சேன்னு போட்டேன். லட்சுமின்னு பேர் வெச்ச குப்பைத்தொட்டியக் காணோம்னு விஜய் சேதுபதி போலீஸ்ல போய் நிக்கிற மேட்டர்ல அப்பா நல்லா சிரிச்சார், சரி பாஸ் ஆயிருச்சுன்னு நெனச்சேன். நடுவுல பாத்ரூம் போயிட்டு வந்தார், வந்து உக்காந்து அஞ்சு நிமிஷத்துல "ஏன்டா கதை முன்னாடி போவுதா பின்னாடி போவுதா"ன்னார். நான் பாஸ் பண்ணி விளக்க, என் வொய்ஃப் நான் சொன்னது தப்புன்னு விளக்க, திருப்பி ஓட்டிப் பாக்க, ரெண்டே கால் மணி நேரப் படம் மூணரை மணி நேரம் ஆச்சு. கடைசில வர்ற விஷயம் என்னன்னு புரிஞ்சதும் ஒண்ணும் பேசாம போய்ப் படுத்துட்டார். புடிச்சுதா புடிக்கலயான்னு இன்னும் தெரியல.

பார்க்கிங். இத நான் சவுண்ட கம்மியா வெச்சுத்தான் பாத்தேன், ஏன்னா கீழ இருக்கிறது ஹவுஸ் ஓனர், என் வண்டிய கேட்டுக்கு உள்ள விடுறதுல எங்களுக்குள்ள ஏற்கனவே ஒரு பனிப்போர் ஓடிட்டிருக்கு. மேல் போர்ஷன் ஐடி பையன் ஒரு கார் வாங்குறான், கீழ பத்து வருஷமா இருக்கிற கவர்மென்ட் ஆபீசருக்கும் அவனுக்கும் அந்த இடத்துக்கு சண்டை, அவ்ளோதான் கதை. அந்தாளு வீம்புக்குன்னே கார் வாங்கிட்டு வந்து நிறுத்துற இடத்துல அப்பா தொடையத் தட்டிட்டு (நல்ல கால்தான்) "இவன் மாதிரி எங்க சொசைட்டில ரெண்டு பேர் இருந்தான்"னார். 2023-க்கான தேசிய விருதுல சிறந்த தமிழ்ப் படம் இதுதான், எம்.எஸ்.பாஸ்கருக்கும் சிறந்த துணை நடிகர் விருது, அது நியாயமான விருது. முழுசா உக்காந்தார். மறுநாள் காலைல காபி குடிச்சுட்டே "நம்ம வண்டிய நீ எங்க நிறுத்துற"ன்னு கேட்டார் பாருங்க, எனக்கு பகீர்னு ஆயிருச்சு.

மெய்யழகன். இதப் பத்திதான் எழுதணும்னே வந்தேன். 1996-ல அந்தக் குடும்பம் தஞ்சாவூர் வீட்ட விட்டு கிளம்புது, அந்தப் பையன் வீட்ட ஒரு சுத்து சுத்திப் பாக்குறான், அதுலேர்ந்து அப்பா அசையல. நீடாமங்கலம்னு பேர் வந்ததும் நிமிந்து உக்காந்தார். "கேட்டு எப்ப வரும்?"னார். மத்தப் பக்கத்து ஆளுங்களுக்குப் புரியுமோ புரியாதோ, நீடாமங்கலம்னா எங்களுக்கு ரயில்வே கேட்தான், வாழ்க்கைல பாதிய அந்த கேட்டுக்கு முன்னாடி பஸ்லயே உக்காந்து கழிச்சிருக்கோம், எஞ்சின மாத்தி மாட்டுறேன்னு அங்கிட்டும் இங்கிட்டும் போவும். படம் முடியற வரைக்கும் கேட்டுக்காகவே காத்திருந்தார் மனுஷன்.

தங்கச்சிக்கு மேடைல வெச்சே அரவிந்த் சாமி நகைய ஒண்ணொண்ணா போட்டு விடுற இடத்துல என் வொய்ஃப் அழுதா. ஆனா ரெண்டாவது பாதில, ராத்திரி தண்ணிக்கரைல உக்காந்து கார்த்தி பேசிட்டே இருக்காருல்ல, அப்ப தூங்கிட்டா. காலைல "அந்த ஆளு பேசி முடிச்சாரா"ன்னு கேட்டா. எனக்கும் அங்கங்க இழுவையாத்தான் தெரிஞ்சுது, பொய் சொல்லல. அப்பா மட்டும் முழுசா, கொட்டாவி கூட விடாம. அத்தான் அத்தான்னு உயிரையே விடுற கார்த்தியோட பேர் என்னன்னே அரவிந்த் சாமிக்குத் தெரியல, கேக்கவும் கூச்சம், அந்த ஒண்ணு அப்பாவ நல்லா புடிச்சுக்கிச்சு போல. ஏன்னா மறுநாள் பிசியோ நடுவுல கூட கத்தாம ஏதோ யோசிச்சுட்டிருந்தார். கேட்டா, வலங்கைமான்ல சின்ன வயசுல அவர தோள்ல தூக்கிட்டு பாடைகட்டித் திருவிழாவுக்கு போன ஒருத்தர் பேர் ஞாபகம் வரலயாம். மூணு நாளா அதான் வீட்ல பேச்சு.

சரி கேள்விக்கு வர்றேன். அடுத்து என்ன போடலாம்? உங்க வீட்ல சமீபத்துல என்ன பாத்தீங்க, யார் எழுந்து போனா, யார் உக்காந்தா, அத சொல்லுங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார்ங்கிற கணக்கு வேணாம், அத எல்லாரும் சொல்றாங்க.

ஒருவரி:

மெய்யழகன் ரிலீஸ் ஆன கொஞ்ச நாள்லயே 18 நிமிஷம் கிட்ட வெட்டுனாங்க, அப்பவும் எங்க வீட்ல எல்லாரும் தூங்கிட்டோம், டிவி மட்டும் முழிச்சிருந்து பாத்துச்சு.

வைகைக்கரை:

ஒருவரி தம்பி, அந்தப் படத்துல பேச்சுதான் படமே, அத வெட்டுனா என்ன மிஞ்சும், பஸ் டிக்கெட்டும் சைக்கிளும்தான். தியேட்டர்ல நானும் நெளிஞ்சவன்தான், ஒத்துக்கிறேன், ஆனா நாலே வாரத்துல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்துச்சு, வீட்ல கால நீட்டிப் போட்டு பாக்குறப்ப அந்த இழுவை இழுவையாவே தெரியல. கல்யாண வீட்ல ராத்திரி பந்தி முடிஞ்சு பாய விரிச்சுப்போட்டு ஒருத்தன் பேசிட்டே இருப்பான்ல, பாதி தூக்கத்துல ம்ம் ம்ம்னு கேட்டுட்டு இருப்போம்ல, அப்படித்தான் இருந்துச்சு. மாடிப்போர்ஷன் வொய்ஃப் தூங்குனது கூட அந்தப் படத்துக்குப் பொருத்தம்தான்னு சொல்லுவேன்.

நான் சொல்ல வந்தது கொட்டுக்காளி. சூரியும் அன்னா பென்னும். உங்க அப்பாவுக்குப் போடாதீங்க, கண்டிப்பா டக் டக்தான், ஆனா நீங்க தனியா பாருங்க. படத்துல பின்னணி இசையே கிடையாது. போட்ட பத்து நிமிஷத்துல வீட்டம்மா அடுப்படிலேர்ந்து வந்து "என்னங்க டிவில சவுண்டு போயிருச்சா"ன்னு ரிமோட்ட வாங்கி கூட்டுறா, கூட்டுனா ஆட்டோ சத்தந்தான் கூடுது. அப்புறம் ஃபேன ஆஃப் பண்ணிட்டுப் பாத்தோம், மதுரைல, ஃபேன் இல்லாம, யோசிச்சுக்கோங்க. அப்பத்தான் ஒவ்வொண்ணா கேக்க ஆரம்பிச்சுச்சு, கால்ல கல்லக் கட்டிப் போட்ட சேவல் இழுக்குறது, பைக் வரிசையா போறது.

பொண்ணுக்கு பேய் புடிச்சிருக்குன்னு சாமியாடிகிட்ட ஒரு குடும்பமே ஆட்டோலயும் பைக்லயும் கூட்டிட்டுப் போகுது, அவ்வளவுதான் படம். அந்தப் புள்ள படம் பூரா வாயத் தெறக்கிறது ஒரே ஒரு தடவ. கூட வர்ற ஆம்பளைங்கதான் கத்துக் கத்துன்னு கத்துறானுங்க, சூரி தொண்டைல சுண்ணாம்பத் தடவிக்கிட்டு கரகர கொரல்ல கத்துறாரு. எங்க பக்கத்து ஆம்பளைங்கள இவ்வளவு அச்சா எடுத்து நான் பாத்ததில்ல, எங்க சித்தப்பா மூணு பேரு அந்த ஆட்டோவுக்கு பின்னாடியே வர்ற மாதிரி இருந்துச்சு. நடுவுல ரோட்டுல ஒரு மாடு மறிச்சு நிக்கும், இத்தனை ஆம்பளைங்களும் பக்கத்துல போகப் பயந்து நிப்பானுங்க, ஒரு சின்னப் புள்ள வந்து சும்மா ஓட்டிட்டுப் போயிரும். நான் ரெண்டு தடவ திருப்பிப் பாத்தது அந்த இடந்தான்.

முடிவு சொல்ல மாட்டேங்கிறாங்க, டக்குன்னு நின்னுரும். வீட்டம்மா "டேட்டா தீந்துருச்சா"ன்னு கேட்டா.

தாமிரபரணித்தண்ணி:

கொட்டுக்காளி வந்த அதே நாளுதாம் வாழையும் வந்துச்சு, 2024 ஆகஸ்ட் 23. ரெண்டையும் ஒரே நாள்ல விட்டா சனம் எதுக்குன்னு போவும் சொல்லுங்க. நான் ரெண்டையும் வீட்லதாம் பாத்தேன், வாழைய ரெண்டு நாளா பிச்சுப் பிச்சுப் பாத்தேன், ஒரே மூச்சுல பாக்க முடியல.

நான் ஸ்ரீவைகுண்டத்துக்கு இந்தாண்ட. நானும் வாழத்தார் சொமந்தவந்தாம் அண்ணாச்சி. பள்ளிக்கூடம் லீவுன்னா வயல்ல எறக்கி விட்ருவாவ. தலைல சும்மாடு வச்சு அதுக்கு மேல தார ஏத்துவாவ, ஒத்தையடி வரப்புல சேறுல நடந்து ரோட்டுல நிக்க லாரிக்கு கொண்டு போவணும், கால் வழுக்குச்சுன்னா தாரோட விழணும், விழுந்தா காய் அடிபட்டுரும், அதுக்குத் தனியா ஏச்சு. வாழைக்கறை பட்ட சட்டை இருக்குல்லா, அத எந்த சோப்பு போட்டாலும் போவாது, கறுப்பா அப்டியே நிக்கும். பள்ளிக்கூடத்துல சட்டையப் பாத்தே எவன் எவன் சொமக்கப் போறான்னு தெரிஞ்சு போவும். படத்துல அந்தப் பயலுவ சட்டையப் பாத்ததுமே எனக்கு மோந்து பாத்த மாதிரி அந்த வாசன வந்துட்டு.

ஒரு தாருக்கு ஒரு ரூவா கூலிய ரெண்டு ரூவாயா கேட்டு கலையரசன் சண்ட போடுவாருல்லா. இங்கன மெட்ராஸ்ல என்கூட ரூம்ல இருக்க பையன் "ஒரு ரூவாய்க்கா இவ்ளோ சண்ட"ன்னு கேட்டான். நான் பாஸ் போட்டுட்டு அவனுக்கு அரை மணி நேரம் கணக்கு சொன்னேன், படம் அங்கனயே நின்னு போச்சு, மீதி மறுநா.

கடைசில லாரி கவுந்த பொறவு, அந்தப் பய பசில வீட்டுக்குள்ள போயி சோத்துப் பானையத் தொறந்து திங்கான் பாருங்க. அத எடுக்கணும்னா அத அனுபவிச்சிருக்கணும். 1999-ல நடந்த உண்மையான விபத்துய்யா அது, எங்க ஊர்ப் பக்கம் பெரியவங்களுக்கெல்லாம் தெரியும். பசிக்கிற புள்ளைய வெரட்டிட்டமேன்னு அந்தத் தாய் அழுவுறதுல நான் டிவிய ஆஃப் பண்ணிட்டு வெளிய போயி நின்னுட்டேன். குத்தமாவும் ஒண்ணு சொல்லுதேன், டீச்சர் மேல பயலுக்கு ஆச வாற பகுதி எனக்குக் கொஞ்சம் கூடுதலாத் தெரிஞ்சுது, பாட்டும் கூடுதல். ஆனா அம்மாட்ட போன்ல சொன்னேன், "அத ஏம்ல காசு குடுத்து வேற பாக்க"ன்னாவ.

உங்க அப்பா உர மூட்ட கணக்கு எழுதினவருங்கீய, அவரு உக்காந்து பாப்பாரு. போட்டுப் பாருங்க.

சவுண்ட்பாக்ஸ்:

படம் பத்தி அப்புறம், முதல்ல மாடிப்போர்ஷன், நீங்க சவுண்ட கம்மி பண்ணிப் பாக்குறீங்கல்ல, அதுக்கு ஒரு வழி இருக்கு. பேச்சு கேக்கலன்னு கூட்டுறோம், கூட்டுனதும் சண்டையும் பாட்டும் வந்து மண்டைல அடிக்குது, திருப்பி கொறைக்கிறோம், வீட்டுக்கு வீடு இதே கூத்துதான். காரணம் பெரும்பாலான படத்தோட ஆடியோ 5.1-ல, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்சு வரும், அதுல பேச்சு முக்கால்வாசி நடு ஸ்பீக்கருக்குப் போகும், நம்ம டிவில நடு ஸ்பீக்கர் எங்க இருக்கு, இருக்கிறது ரெண்டு, அதுவும் தரையப் பாத்துட்டு இருக்கும். ஆறையும் ரெண்டுல அமுக்கும்போது பேச்சு அடில போயிரும். ஆடியோ மொழி செலக்ட் பண்ற இடத்துல 5.1னு போட்ட தமிழும் போடாத தமிழும் ரெண்டும் இருந்தா போடாதத எடுங்க. டிவி செட்டிங்ல கிளியர் வாய்ஸ், நைட் மோட் மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணுங்க. ஹவுஸ் ஓனர் தூங்குவாரு.

அப்படியே பிக்சர் செட்டிங்ல மோஷன் ஸ்மூத், ட்ரூ மோஷன்னு கம்பெனிக்கு ஒரு பேர்ல ஒண்ணு இருக்கும், அத ஆஃப் பண்ணித் தொலைங்க. படம் நொடிக்கு 24 ஃபிரேம்ல எடுக்குறாங்க, டிவி நடுவுல நடுவுல தானா ஃபிரேம் செஞ்சு சொருகும், அதனாலதான் எந்தப் படம் போட்டாலும் சாயங்கால சீரியல் மாதிரி வழவழன்னு தெரியுது. எங்க மாமா ஒருத்தர் புது டிவி வாங்கி ஒரு வருஷம் "இப்ப படமெல்லாம் சீரியல் மாதிரி எடுக்குறானுங்க"ன்னு டைரக்டர்கள திட்டிட்டு இருந்தாரு.

நான் கடைசியா பாத்தது லப்பர் பந்து, மூணாவது வாட்டி. தினேஷ் கிரவுண்டுல எறங்கும்போது அந்த விஜயகாந்த் பாட்டு வரும்ல, சவுண்ட்பார் வாங்குன காசு அங்க வசூல்.

பனங்கொட்டை:

வணக்கம். நான் கனடாவில ஸ்கார்பரோவில இருந்து எழுதுறன். இஞ்ச இப்ப பனி, வெளியில போக ஏலாது, அம்மாவும் நானும் படம்தான். ஒருவரும் இன்னும் டூரிஸ்ட் ஃபேமிலி எண்டு சொல்லேல்லையே எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.

அது 2025 மே முதலாந் திகதி வந்த படம், தியேட்டரில ஒருக்கா, வீட்டில அம்மாவோட ரெண்டு தரம். இலங்கையில காசுப் பிரச்சினை வந்த நேரம் ஒரு குடும்பம் வள்ளத்தில ராமேஸ்வரம் வந்து இறங்கி, பிறகு சென்னையில ஒரு ஒழுங்கைக்குள்ள ஒளிச்சிருக்கிற கதை. ஒளிச்சிருக்கிற வீட்டின்ர ஓனரே பொலிஸ்காரர். வாயத் திறந்தா ஆரெண்டு தெரிஞ்சுபோம் எண்டு கேரளாவில இருந்து வந்தனாங்கள் எண்டு சொல்லச் சொல்லி யோகிபாபு சொல்லிக் குடுப்பார், அதில அம்மா சிரிச்ச சிரிப்பு. ஏனெண்டா உண்மையாவே எங்களுக்கு நடந்தது. 90களில நாங்கள் கொஞ்சக் காலம் வளசரவாக்கத்தில இருந்தனாங்கள், மரக்கறிக் கடையில "நீங்க மலையாளியா"ண்டு கேக்காத ஆள் இல்லை. அம்மா கடைசியில அலுத்துப்போய் "ஓம், பாலக்காடு" எண்டு சொல்லத் தொடங்கிட்டா.

பேச்சைப் பற்றிச் சொன்னா, சசிகுமார் நல்லா முயற்சி செய்திருக்கிறார், ஆனா கோவம் வாற இடத்தில மதுரை வெளிய எட்டிப் பாக்குது. சின்னப் பெடியன் திறம், அவன் வாற இடமெல்லாம் அம்மாக்கு வாய் மூடேல்லை. அந்தத் தெருவில இருக்கிற வயசான அம்மா சாகிற இடம், எல்லாச் சனமும் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த தெரு ஒரு செத்த வீட்டுக்கு ஒண்டா வந்து நிக்கும், அதில ரெண்டு பேரும் அழுதனாங்கள்.

ஆனா எனக்கு ஒரு குறை இருக்கு. படத்தில எல்லாரும் நல்லவை, எல்லாம் சுகமா முடியுது. 2022 மார்ச்சில உண்மையா முதல் வந்த 16 பேரில கைக்குழந்தையும் இருந்தது, அவையில கொஞ்சப் பேரை வள்ளக்காரர் அரிச்சல்முனைக்குப் பக்கத்து மணல் திட்டில இறக்கிவிட்டிட்டுப் போட்டினம், பிறகு மண்டபம் அகதி முகாமுக்குத்தான் கொண்டு போனவை. முகாம் எண்ட சொல்லைக் கேட்டாலே அம்மா கதைக்க மாட்டா. நான் இந்தக் குறையை அவவிட்டச் சொன்னன். "எங்களுக்கும் ஒரு நல்ல முடிவு இருக்கட்டுமேடி, ரெண்டு மணித்தியாலம்தானே" எண்டு சொல்லிப்போட்டு ரிமோட்டை எடுத்துத் திரும்ப முதலில இருந்து போட்டா. நான் பிறகு வாய் திறக்கேல்லை.

மாடிப்போர்ஷன் அண்ணா, உங்கட அப்பா கட்டாயம் இருந்து பாப்பார்.

மாடிப்போர்ஷன்:

பனங்கொட்டை, உங்க அம்மாவுக்கு என் வணக்கத்த சொல்லுங்க. பாலக்காடு சூப்பர்.

சவுண்ட்பாக்ஸ், நீங்க சொன்ன மாதிரி ஆடியோ மாத்தினேன், நெசமாவே பேச்சு தெளிவா கேக்குது, இத்தன நாளா பத்தாயிரம் ரூவாய்க்கு சவுண்ட்பார் பாத்துட்டிருந்தேன். இப்போதைக்கு வேணாம். வாழை இந்த சனிக்கிழமை போடப்போறேன்.

சுக்குகாப்பி:

ஏனுங், நானுஞ் சொல்லட்டுங்களா. எங்கூட்ல நானும் எங்க மாமியாரும்தான் ஜோடி. மத்தியானம் சோறாக்கி வெச்சுப்போட்டு ரெண்டு பேரும் உக்காந்தா மணி நாலு வரைக்கும் எந்திரிக்கிறதில்லீங்க. என்ற வீட்டுக்காரரு ஆபீஸ்லிருந்து போன் பண்ணாக் கூட எடுக்கறதில்ல.

மொதல்ல குடும்பஸ்தன் பாத்தமுங்க. வேல போனத கூட்ல சொல்லாம அந்தப் பையன் கடன் மேல கடனா வாங்கிட்டு காலைல கெளம்பி ஆபீஸ் போற மாதிரியே போவான். எங்க கோயமுத்தூர்ப் பேச்சு அப்டியே இருக்குங்க, மச்சானா வர்ற குரு சோமசுந்தரம் இருக்காரே, அவரு மாதிரி எங்க சொந்தத்துல ஒருத்தரு இருக்காரு, பேரு சொல்ல மாட்டேன், அவியளும் இங்க படிப்பாங்க. மாமியாருக்கு சிரிப்புத் தாங்கல, ஆனா பாதில "நம்ம பையன் தெனமும் வேலைக்குத்தான் போறானா"ன்னு ஒரு சந்தேகம் வந்து, அன்னிக்கு சாயந்தரம் அவரு வந்ததும் டிபன் பாக்ஸத் தொறந்து சோறு தின்னுருக்கானான்னு பாத்தாங்க.

அப்பறம் உள்ளொழுக்கு, மலையாளம். உள்ளோட்டம்ங்கிற மாதிரி, தண்ணிக்கு அடில ஓடுறதுன்னு அர்த்தமாமுங்க. ஊர்வசியும் பார்வதியும் மாமியாரு மருமவ. குட்டநாட்டுல வெள்ளம், கூட்டுக்குள்ள முட்டி மட்டும் தண்ணி, மகன் செத்துப் போயிட்டான், எடுத்துப் பொதைக்க எடமில்ல, எல்லாந் தண்ணிக்குள்ள, வெள்ளம் வடியற வரைக்கும் காத்துட்டு இருக்கோணும். அதுக்குள்ள மருமவ மறச்சு வெச்சதும் மாமியாரு மறச்சு வெச்சதும் ஒண்ணொண்ணா வெளிய வருதுங்க. இத மாமியாரு பக்கத்துல உக்காந்து பாத்தனுங்க நானு. திரும்பிப் பாக்கவே பயமா இருந்துச்சு. நான் பார்வதி பக்கம், அவங்க ஊர்வசி பக்கம்னு மொத அரை மணி நேரம். அப்பறம் பாத்தா அவங்க "அந்தப் புள்ளைகிட்ட மொதல்லயே சொல்லிருக்கோணும்"ங்கிறாங்க, நான் "பாவம் அந்தம்மா மட்டும் என்ன பண்ணும்"ங்கிறேன், எப்ப எடம் மாறுனோம்னே தெரியல. ரெண்டு பேருமே கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அவங்க எந்திரிச்சுப் போயி காப்பி வெச்சாங்க, எனக்கும் சேத்து. எப்பவும் நாந்தான் வெப்பேன்.

அந்த ஊர்வசிக்கு இதுக்கு சிறந்த துணை நடிகை தேசிய விருது குடுத்தாங்க, நீங்க சொன்ன பார்க்கிங் விருது வாங்குன அதே லிஸ்டுதான். ஆனா அதென்னங்க துணை? படமே அவங்க தோள்லதான் நிக்குது.

ஒருவரி:

டிபன் பாக்ஸ் செக்கிங் பயங்கரம், நான் இனிமே ஹோட்டல்ல சாப்பிட்டாலும் பாக்ஸ காலி பண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

வைகைக்கரை:

சுக்குகாப்பி அக்கா, துணை நடிகை விஷயத்துல நூத்துக்கு நூறு. இன்னிக்கே பாத்துர்றேன், எங்க அம்மாவும் வீட்டம்மாவும் பக்கத்துப் பக்கத்துல உக்காருற மாதிரி சேர் போட்டுட்டு நான் வெளியூர் போயிர்றேன்.

இன்னொண்ணு, சின்னப் புள்ளைங்க இருக்கிற வீட்ல மகாராஜாவ புள்ளைங்களோட போட்டுறாதீங்க. குப்பைத்தொட்டி காமெடின்னு நெனச்சு என் மச்சினன் ரெண்டு பிள்ளைங்களையும் உக்கார வெச்சுட்டான், ரெண்டாவது பாதில வர்ற விஷயத்துக்கு பொண்ணு கேட்ட கேள்விக்கு பதில் சொல்ல முடியாம டிவி வயரையே புடுங்கிட்டான். புள்ளைங்களுக்கு பறந்து போ போடுங்க, சிவா நடிச்சது. அடம் புடிச்ச பையன பைக்ல ஏத்திட்டு அப்பா ஊர் சுத்துற கதை. ஆனா அதுல ஒரு ஆபத்து, முடிஞ்சதும் என் பையன் ஹெல்மெட்ட மாட்டிட்டு வாசல்ல வந்து நின்னுட்டான், ராத்திரி பத்து மணிக்கு.

தாமிரபரணித்தண்ணி:

சனிக்கெழம போயாச்சே, என்னாச்சு அண்ணாச்சி? வாழை போட்டியளா?

மாடிப்போர்ஷன்:

போட்டோம். லேட்டா வர்றதுக்கு சாரி, ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்ல ஆளுங்க.

அப்பா உக்காந்தார். கால்ல ஐஸ் பேக் வெச்சது உருகி லுங்கி நனைஞ்சது கூடத் தெரியாம உக்காந்தார். ஒரு ரூவா கூலி சண்டைல மட்டும் "தாருக்கு எவ்ளோ விலை போச்சு அப்ப?"ன்னு ஒரு கேள்வி, நான் என்னத்தக் கண்டேன். அந்தப் பையன் பானையத் திறந்து சாப்பிடுற இடத்துல என் வொய்ஃப் எழுந்து உள்ள போயிட்டா. அப்புறம் அந்த அழுகை. சவுண்ட்பாக்ஸ் சொன்னபடி குரல் தெளிவா வெச்சிருந்தேனா, அது நல்லாவே தெளிவா கீழ வரைக்கும் போயிருக்கு. பதினோரு மணிக்கு காலிங் பெல். ஹவுஸ் ஓனர், பனியனோட, மூச்சு வாங்க மாடி ஏறி வந்து நிக்கிறார். வண்டி விஷயமாத்தான்னு நான் ரெடி ஆனேன். "தம்பி, அழுகைச் சத்தம் கேட்டுதே, அப்பாவுக்கு ஏதாச்சும்..."னு கேட்டவரு உள்ள எட்டிப் பாத்தா அப்பா வாக்கர் மேல கைய வெச்சுட்டு டிவியப் பாத்துட்டு உக்காந்திருக்கார். படம் சார்னு சொன்னேன். அவரும் நின்னுக்கிட்டே கடைசி அஞ்சு நிமிஷம் பாத்தார். அப்பா அவரப் பாத்து "உக்காருங்க"ன்னார். உக்காரல, போயிட்டார். வண்டி பத்தி பேச்சே இல்ல, ஆனா காலைல பாத்தா கேட்டுக்கு உள்ள அவரோட ஸ்கூட்டர் ஒரு அடி தள்ளி நின்னுச்சு, தற்செயலா கூட இருக்கலாம், நான் போய் கேக்கப் போறதில்ல.

படம் முடிஞ்சும் அப்பா வாக்கர எடுக்கல. நான்தான் லைட்ட ஆஃப் பண்ணவான்னு கேட்டேன்.

அப்புறம் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், டக் டக் டக்னு என் ரூம் வாசல் வரைக்கும் வந்துட்டார். விழுந்துட்டாரோன்னு பதறி எழுந்தா, "தட்சிணாமூர்த்திடா"ங்கிறார். யாருன்னேன். "வலங்கைமான்ல என்னத் தூக்கிட்டுப் போனவருடா, பேரு தட்சிணாமூர்த்தி, காதுல கடுக்கன் போட்டிருப்பாரு"ன்னு சொல்லிட்டு திரும்பி டக் டக்னு போய்ப் படுத்துட்டார்.

அடுத்து டூரிஸ்ட் ஃபேமிலி. பனங்கொட்டை, அதுல சப்டைட்டில் தமிழ்லயே வருமா? அப்பாவுக்கு உங்க பேச்சு புரியுமான்னு வொய்ஃப் கேக்குறா.

பனங்கொட்டை:

சப்டைட்டில் ஒண்டும் தேவையில்லை. விளங்காத சொல்லுக்கு பாஸ் போட்டுட்டு இஞ்ச எழுதுங்கோ, அம்மா முழிச்சுத்தான் இருப்பா.